நூற்றியெட்டுத் தோப்புக்கரணம்

கூறைப்புடவை கட்டிண்டு பொண்ணு வர வரைக்கும் இந்த நெல்மூட்டை மேலயே உக்காந்திண்டிருங்கோ மாமா, ஏந்துக்காதேங்கோன்னு சொல்லிட்டு வாத்தியார் அந்தண்டை திரும்பிண்டுட்டார். ஏந்துக்கறதாவது. இப்ப இந்த மேடையே தீப்பிடிச்சாலும் எனக்கு ஏந்துக்க வராது. தொடை ரெண்டும் என்னோடதே இல்லை, உள்ளே கல்லை வெச்சு யாரோ தச்சு மூடிட்டா மாதிரி இருக்கு, விரலால லேசா அழுத்தினாலே உயிர் போறது. வீங்கியிருக்கான்னு வேஷ்டிக்கு மேலயே தடவிப் பாக்கறேன், வீங்கலை, பாக்கறவாளுக்கு ஒண்ணும் தெரியாது, அதான் சங்கடமே. ஒரு கட்டு கிட்டுப் போட்டிருந்தா, ரத்தம் வந்திருந்தா, ஐயோ பாவம்னாவது சொல்லுவா. நான் என்னன்னு சொல்லிக்கறது? தோப்புக்கரணம் போட்டேன் சார், கால் போயிடுத்துன்னா? சிரிப்பா. வேற எவனாவது சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். இன்னும் சித்த நாழியில யாமினி மடிசாரோட வந்து என் மடியில உக்காரணும், மாப்பிள்ளை அவ கழுத்துல தாலி கட்டணும், அது முடியற வரைக்கும் நான் அவளைத் தாங்கணும். எங்காத்துல அப்படித்தான் வழக்கம், பொண்ணை அப்பன் மடியில உக்காத்தி வெச்சுத்தான் கொடுப்பா. எங்க மாமனார் அகிலாவை உக்காத்தி வெச்சுண்டார், மனுஷர் கண்ணை மூடிண்டு உக்காந்திருந்தது இப்பவும் நிக்கறது கண்ணுல. சமையலுக்கு ஆள் இருக்கு, பூவுக்கு ஆள் இருக்கு, வரவாளை வாங்கோன்னு கும்பிடறதுக்குக்கூட வாசல்ல ரெண்டு பொண்ணுகளை வெச்சிருக்கா இந்த மண்டபத்துக்காரா. அப்பன்னு ஒருத்தன் பண்ணியாகணும்கற வேலை இது ஒண்ணுதான். இந்த ஒண்ணைத்தான் நான் கெடுத்துண்டு உக்காந்திருக்கேன்.

வேண்டிண்டது தப்பில்லை. அதை நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஜாதகம் பாத்துப் பாத்து, ஒவ்வொருத்தனும் பொருந்தலைன்னு திருப்பி அனுப்பி, யாமினி பெங்களூர்லேந்து ஃபோன்ல அப்பா எனக்கு இதெல்லாம் வேண்டாம், விட்டுடுன்னு சொன்ன அன்னிக்கு, தெருக்கோடிப் பிள்ளையார்கிட்ட நின்னு, இவளுக்கு ஒரு கல்யாணம்னு ஆகட்டும், உனக்கு நூத்தியெட்டு போடறேன்னு சொன்னேன். ஆச்சு, நிச்சயமாயிடுத்து, அப்பவே போட்டிருக்கணும். மண்டபம் பாக்கணும், பத்திரிகை அடிக்கணும், அப்புறம் போட்டுக்கலாம், பிள்ளையார் எங்க போயிடப் போறார்னு தள்ளிண்டே வந்தேன். போட்டிருந்தேன்னா இப்ப எனக்கு இந்தக் கதி உண்டா? சரி, தள்ளினது தள்ளினேன், பத்துப் பத்தா, நாளைக்குக் கொஞ்சமா போட்டிருக்கலாமோல்லியோ? அதுவும் இல்லை. நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்கப் போன அன்னிக்கு சம்பந்தி மாமா ஒரு வார்த்தை சொன்னார், விளையாட்டாத்தான் சொன்னார், மாமா, பொண்ணு ஜிம்முக்கெல்லாம் போயி உடம்பை நன்னா வெச்சிண்டிருக்கா, மடியில தாங்குவேளான்னார். எல்லாரும் சிரிச்சா. யாமினியும் சிரிச்சா. எனக்கு மட்டும் அது உள்ளே போய் உக்காந்துடுத்து. பத்து வருஷமா நாற்காலியிலேந்து நாற்காலிக்கு நகந்த உடம்பு இது, சாயங்காலம் நடக்கறேன்னு செருப்பை மாட்டிண்டு காப்பிக்கடை வரைக்கும் போயிட்டு வர உடம்பு. அப்பதான் தோணித்து, வேண்டுதலும் ஆச்சு, காலுக்குத் தெம்பும் ஆச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரே மூச்சில போட்டுடலாம்னு. எவ்வளவு சமர்த்து பாரு. படிச்சவன், உத்யோகம் பாத்தவன், ஊருக்கெல்லாம் யோசனை சொல்றவன்.

முந்தாநேத்து விடிஞ்சும் விடியாம, தை மாசத்துப் பனியில, பச்சைத்தண்ணியைத் தலையில கொட்டிண்டு, வெந்நீர் போட்டுத் தரேன்னு அகிலா கத்தக் கத்த, வேண்டுதல்னா வேண்டுதல்தான்டின்னு வீறாப்பு பேசிட்டு, ஈர வேஷ்டியோட போனேன். உடம்பு நடுங்கறது, பல்லு தந்தியடிக்கறது, அப்படியே காதைப் பிடிச்சுண்டு ஆரம்பிச்சேன். முதல் இருபதுல முழங்கால் மடக் மடக்குன்னு சத்தம் போட்டுது, அப்புறம் ஒரு வேகம் வந்துடுத்து. பூக்கட்டிண்டிருந்த அந்தம்மா, சாமி, மெதுவாப் போடுங்க சாமி, விழுந்துடப் போறீங்கன்னா. அவ பாக்கறான்னு தெரிஞ்சதும் இன்னும் வேகமாப் போட்டேன். அடிமட்டம் வரைக்கும் உக்காந்து உக்காந்து ஏந்துண்டேன், அரைகுறையாப் போட்டா பிள்ளையார் கணக்குல எடுத்துக்க மாட்டாராம். முடிஞ்சதும் கால் லேசா தள்ளாடித்து, அவ்வளவுதான். ஆத்துக்கு வந்து அகிலாகிட்ட, பாத்தியா, அறுபதைத் தாண்டின உடம்பு, ஒரே மூச்சுன்னு மார்தட்டிண்டேன். ரெண்டு தோசை கூட சாப்பிட்டேன். அன்னிக்குப் பூரா ஒண்ணுமே தெரியலையே, ஒரு சுளுக்குக் கூட இல்லையே! அதான் என்னை ஏமாத்திடுத்து. வலிக்கறதா இருந்தா அன்னிக்கே வலிச்சிருக்கணும்னு நான் நெனச்சேன், எல்லாரும் அப்படித்தான் நெனைப்பா. நேத்திக்குக் கார்த்தால கட்டில்லேந்து காலைக் கீழ வெச்சேன், அம்மான்னு கத்திட்டேன். விரதம், நாந்தின்னு முதல்நாள் சடங்கு ஒவ்வொண்ணுக்கும் மணையில உக்காரு, ஏந்துக்கோ, நமஸ்காரம் பண்ணு, திரும்பி ஏந்துக்கோ. சாப்பாட்டு ஹாலைக் கொண்டுபோய்க் கீழ்த்தளத்துல வெச்சிருக்கான் பாவி. மாடிப்படி ஏறக்கூட முடியறது, இறங்கத்தான் முடியலை, ஒவ்வொரு படிக்கும் தொடை கிழியறது. யாரும் இல்லைன்னு நெனச்சுண்டு கைப்பிடியைப் பிடிச்சுண்டு பின்பக்கமாவே இறங்கினேன். கீழே சம்பந்தி மாமா நிக்கறார். என்ன மாமா, படி இறங்கறதுக்குக்கூட ஆகமம் இருக்கான்னார். அவர் முகத்தைப் பாக்காம பாயசம் நன்னாருந்துதான்னு கேட்டு வெச்சேன்.

ஹம்ஸாதான் கண்டுபிடிச்சா. அகிலாவோட தங்கை பொண்ணு, பிசியோதெரபி படிச்சுட்டு சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில இருக்கா. இன்னிக்குக் கார்த்தால டிபன் பந்தியில நான் உக்காந்த அழகைப் பாத்துட்டு, பெரியப்பா, இங்க வாங்கோன்னு தனியா ரூமுக்குக் கூட்டிண்டு போனா. எல்லாத்தையும் கேட்டுண்டா, சிரிக்கலை, அந்த மட்டுக்கும் நல்ல பொண்ணு. ஏந்துக்கறபோது இல்லை பெரியப்பா, கீழ இறங்கறபோதுதான் தசை தன்னோட நாரை இழுத்துப் பிடிச்சுண்டே நீளறது, பழக்கமில்லாதவா பண்ணினா அதுல நுணுக்கு நுணுக்கா அடிபடும், அடி பட்ட அன்னிக்குத் தெரியாது, மறுநாள் தெரியும், ரெண்டாம் நாள்தான் உச்சம்னா. ரெண்டாம் நாள்னா? ரெண்டாம் நாள் இன்னிக்குன்னா! முகூர்த்தத்துக்கு நாள் பாத்த மாதிரி என் வலிக்கும் நானே நாள் பாத்திருக்கேன். கோவிலைச் சுத்தி நாலு தரம் வேகமா நடந்துட்டு, முழுசா உக்காராம அரைவாசி உக்காந்து உடம்பைச் சூடு பண்ணிண்டு ஆரம்பிச்சிருந்தேள்னா தசை இவ்வளவு விறைப்பா இருந்திருக்காது, வலியும் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்னா. முழுக்கப் போயிருக்குமான்னு கேட்டேன். முழுக்கப் போயிருக்காது, பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் குறைஞ்சிருக்கும், ஒரு வாரம் முன்னாடி கொஞ்சமா போட்டுப் பழகியிருந்தா ரொம்பவே குறைஞ்சிருக்கும்னா. கொஞ்சம் போறுமே எனக்கு! கொஞ்சம் குறைஞ்சிருந்தாலே இப்ப இந்த மூட்டை மேல நான் மனுஷனா உக்காந்திருப்பேனே. பழைய ஸ்கூட்டர் வெச்சிண்டிருந்த காலத்துல, குளிர்நாள்னா ஸ்டார்ட் பண்ணிட்டு சித்த ஓட விட்டுட்டுத்தான் ஏறுவேன், எடுத்தவுடனே முறுக்கினா எஞ்சின் போயிடும்டான்னு என் தம்பி சேதுவுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வண்டி மேல இருந்த கரிசனம் சொந்தக் கால் மேல இல்லை. வலி மாத்திரை போட்டுக்கட்டுமான்னேன், கொஞ்சம் கேக்கும், ஆனா விறைப்பு போகாது, ரொம்ப நாழி உக்காந்தே இருக்காதேங்கோ, அப்பப்ப நடந்துண்டிருங்கோன்னா. சரிம்மா, யாமினிக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னேன், அவ கதவைத் திறந்துண்டு கிளம்பிட்டா. உக்காராதேங்கோன்னு அவ சொன்னது, ஏந்துக்காதேங்கோன்னு வாத்தியார் சொல்றது. நான் யார் சொல்றதைக் கேக்கறது?

ஆம்படையா ரஞ்சனியை அந்தண்டை நிறுத்திட்டு சேது வரான். பட்டு வேஷ்டி, நெத்தியில விபூதி பளிச்சுனு, தம்பின்னா யாரும் நம்ப மாட்டா, என் பிள்ளைன்னாலும் நம்புவா. தினம் காலம்பற பந்தாடறவன். குனிஞ்சு காதுகிட்ட, அண்ணா, முடியலைன்னா சொல்லு, நானும் ரஞ்சனியும் தயாரா இருக்கோம், வாத்தியாரைக் கேட்டுட்டேன், சித்தப்பா மடியில உக்காரலாமாம், தாரை வார்த்துக் கொடுத்தது நீதானே, இதுல என்ன கௌரவம்ங்கறான். வாத்தியாரைக் கேட்டுட்டானாமே! யார் இவனைக் கேக்கச் சொன்னா? போடா, வந்துட்டான்னு கத்தணும் போல இருக்கு, மைக் இருக்கு பக்கத்துல. உக்காந்துப்பேன்டா, நீ போய் மாப்பிள்ளையாத்துக்காரா காப்பி சாப்பிட்டாளா பாருன்னேன். அண்ணா, பொண்ணு சறுக்கிட்டா... அப்படின்னு ஆரம்பிச்சான், என் முகத்தைப் பாத்து நிறுத்திட்டான். நிறுத்தினா மட்டும் போறுமா, சொல்லாத பாதிதான் இப்ப உள்ள சுத்தறது. சறுக்கிட்டா. தாலி கட்டற நேரத்துல என் கால் வெட்டி இழுத்து அவ கீழ சரிஞ்சா, அத்தனை பேர் பாத்துண்டிருக்கறபோது, வீடியோக்காரன் வேற. ஜன்மத்துக்கும் பேசுவா, யாமினி கல்யாணத்துல அப்பன் மடி தாங்கலைன்னு. அவளுக்கு ஏதாவது ஒரு கஷ்டம் வந்தா, ஒரு தும்மல் வந்தாக்கூட, அன்னிக்கே தெரியுமேம்பா. விட்டுக் கொடுத்துடலாமோ? சேது நல்லவன்தான், அவ மேல உசிரையே வெச்சிருக்கான். அவன் தொடை கல்லு மாதிரி இருக்கும், நல்ல கல்லு. அவன் உக்காந்தான்னா ஒரு வம்பும் கிடையாது. நான் பக்கத்துல நின்னுண்டு அட்சதை போடலாம், வந்தவாளோட வந்தவாளா. முடியாது. முடியவே முடியாது.

பஸ்ல போறபோது மடியிலதான் உக்காந்துப்பா யாமினி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுலேந்து ஆத்துக்கு, சாயங்காலக் கூட்டம், ஜன்னலோரம் இடம் பிடிச்சுடுவேன், பள்ளிக்கூடப் பையை அகிலா வெச்சுப்பா, இவளை நான். பாலம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவா. தூங்கினா கொழந்தை கனக்கும், முழிச்சிண்டிருக்கறதை விட அதிகமாக் கனக்கும், அது ஏன்னு யாருக்குத் தெரியும். கால் மரத்துப் போயி, எப்படா ஸ்டாப் வரும், எப்படா இறக்கி விடுவோம்னு இருக்கும் எனக்கு. தலையில எண்ணெயும் வேர்வையும் சாக்பீஸ் பொடியுமா ஒரு வாசனை வரும். அப்புறம் ஒரு நாள் வேற சீட்டுல போய் உக்காந்துண்டா, பெரியவளாயிட்டா, அவ்வளவுதான், இதெல்லாம் யாராவது சொல்லிண்டா செய்வா? இன்னிக்கு ஒரு தரம், இந்த ஒரே ஒரு தரம், சாஸ்திரமே சொல்றது உக்காருன்னு. அவளே வெக்கப்படாம உக்காரலாம், நானும் வெக்கப்படாம வெச்சுக்கலாம். ஆறு மாசமா இதை நெனச்சுண்டுதான் மண்டபத்துக்கும் சமையலுக்கும் அலைஞ்சேன்னு இப்பத்தான் எனக்கே தெரியறது. பாதத்தைத் தரையில ஊனி குதிகாலை மெள்ளத் தூக்கித் தூக்கி இறக்கறேன், ஹம்ஸா சொன்ன மாதிரி நடக்க முடியலைன்னாலும் கொஞ்சம் சூடு ஏறட்டும், இப்பவாவது ஏறட்டும். சார், ஆடாம உக்காருங்க சார், ஃப்ரேம் போயிடுதுங்கறான் வீடியோக்காரன். உன் ஃப்ரேமைக் கொண்டுபோய்க் காவேரியில போடு. குதிகாலைத் தூக்கறபோது இடது தொடையில நரம்பு சுண்டி ஒரு வெட்டு வெட்டறது, பல்லைக் கடிச்சுக்கறேன். இன்னும் ஏன் வரலை? வரவே கூடாதுன்னும் இருக்கு, சீக்கிரம் வந்தா தேவலைன்னும் இருக்கு. ஒவ்வொரு நிமிஷமும் உக்காந்திருக்க உக்காந்திருக்கக் கால் இறுகிண்டே போறது. பிள்ளையாரப்பா, நூத்தியெட்டையும் கணக்குல வெச்சுக்கோ, குறைச்சுக்காதே, பதிலுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் மட்டும் இந்தக் காலை எனக்குத் திருப்பிக் கொடு.

வந்துட்டா. அரக்குக் கலர் கூறையில, தலை நிறையப் பூவோட, அகிலா ஒரு பக்கம் ஹம்ஸா ஒரு பக்கம் பிடிச்சுண்டு வரா. எங்கம்மா ஜாடை, என் பொண்ணுதானான்னு இருக்கு. என்னைப் பாத்துச் சிரிக்கறா. நானும் சிரிச்சு வெச்சேன், வலிக்காதவன் சிரிக்கற மாதிரி. சேது ஒரு அடி முன்னால வந்தான், நான் கையைக் காட்டினேன், நின்னுட்டான். வாத்தியார், பொண்ணை உக்காத்தி வெச்சுக்கோங்கோ மாமாங்கறார். முதுகைக் காட்டிண்டு திரும்பறா, பின்னால நகர்றா, ஜரிகை என் முழங்கால்ல உரசறது. நான் மூட்டையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுண்டேன், கண்ணை மூடிண்டேன், வா, வா, வந்தது வரட்டும், செத்தாலும் அசைய மாட்டேன். புடவை வந்து தொடையில படிஞ்சுது. இதோ இப்ப. இதோ. மந்திரம் ஆரம்பிச்சாச்சு, மாப்பிள்ளை குனியறான், இன்னும் பாரம் வரலை. கண்ணைத் திறந்து பாத்தேன். என் ரெண்டு பக்கத்துலயும் மூட்டை விளிம்புல அவ உள்ளங்கை ரெண்டும் அழுந்தியிருக்கு, விரல் முட்டி வெளுத்திருக்கு, மருதாணிக் கை. பாதம் ரெண்டும் தரையில ஊனி, மடிசாருக்குள்ள முழங்காலை மடக்கி, உக்காந்த மாதிரி நிக்கறா. என் மேல புடவைதான் இருக்கு. தோள்பட்டை லேசா நடுங்கறது, கழுத்துல வேர்வை, மூச்சை எண்ணி எண்ணி விடறா. ஹம்ஸா சொல்லிட்டா! உக்காரும்மான்னேன். கெட்டிமேளம் கெட்டிமேளம்னு யாரோ கத்தினா, நாதஸ்வரமும் தவிலும் சேந்து மேடையே அதிர்றது. யாமினி, உக்காரும்மா, நான் தாங்கிப்பேன், உக்காருடி கண்ணுன்னேன் காதோரமா. கேட்டுடுத்து அவளுக்கு. பரவால்லப்பா, உனக்கு வலிக்கும்னா, சொல்லிட்டு இன்னும் ஒரு விரக்கடை மேலே தூக்கிண்டா. புடவையும் விட்டுப் போயிடுத்து.

இடுப்பைப் பிடிச்சு இழுத்து உக்காத்தியிருக்கலாம். மூட்டையைப் பிடிச்சிண்டிருந்த கையை எடுத்தா போறும். பிடிக்கப் போனேன், சத்தியமாப் போனேன், அதுக்குள்ள இந்தப் பாழாப்போன தொடை, பாரம் வரலைன்னு தெரிஞ்சதும், அப்பாடான்னு ஒரு தரம் தளர்ந்து கொடுத்தது பாரு, அந்த ஒரு நிமிஷம் நானும் அதோட சேந்து அப்பாடான்னுட்டேன். அதுக்குள்ள மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டாச்சு, அவன் அக்கா மத்த ரெண்டு முடிச்சையும் போட்டாச்சு, தலை மேல அட்சதை கொட்டறது, யாமினி நிமிர்ந்து நின்னுட்டா. திரும்பிப் பாத்து, சமாளிச்சுட்டோம்ங்கற மாதிரி கண்ணைச் சிமிட்டினா. அகிலா முந்தானையால கண்ணைத் துடைச்சுண்டே என் தோளைத் தட்டறா. சேது வந்து, அண்ணா, உன்னைப் போய் என்னமோன்னு நெனச்சேனே, தாங்கிட்டியே அண்ணாங்கறான், அவன் குரல் வேற கம்மறது. சம்பந்தி மாமா கையைப் பிடிச்சுக் குலுக்கறார், பேஷ் மாமா, நான் விளையாட்டுக்குச் சொன்னேன், இப்படி அசையாம உக்காந்திருந்தேளே, கொஞ்சமாவது வலிச்சுதா? இல்லை மாமா, வலிக்கவே இல்லைன்னு சொன்னேன்.